ஏலக்காய் ஸ்டோரின் கணக்கு மென்பொருள்: திட்டமிடலிலிருந்து பராமரிப்பு வரை ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி கம்பம்மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். அந்தப் பகுதியிலுள்ள ஓர் ஏலக்காய் ஸ்டோருக்காக எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்தான் இந்த ஆய்வின் பொருள். காலம் 2018 முதல் 2022 வரை. பச்சை ஏலக்காயை உலர்த்திக் கொடுக்கும் கூடத்தைத்தான் இங்கே ஸ்டோர் என்பார்கள். நூறு பேருக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஸ்டோர் அது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். சிலர் வீட்டில் தமிழ், சிலர் வீட்டில் மலையாளம். கூலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து காலையில் ஜீப்பில் ஏறி வந்து சாயங்காலம் இறங்கிவிடுவார்கள்.

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்காக வேலையின் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். காய் எடுப்பு ஜூலை, ஆகஸ்டில் சூடு பிடித்து பிப்ரவரி வரை நடக்கும். ஒரே தோட்டத்தில் நாற்பது நாளுக்கு ஒருமுறை என்று சுற்றுச் சுற்றாக எடுப்பார்கள். அப்படி ஒரு சுற்றுத்தான் ஒரு எடுப்பு. எடுத்த பச்சைக்காய் சாயங்காலம் சாக்கில் ஸ்டோருக்கு வரும். எடை போட்டு, கழுவி, தட்டுகளில் பரப்பி, உலர்த்தும் அறையில் ஏற்றுவார்கள். 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் 18 முதல் 24 மணி நேரம். இறக்கியதும் சூடு ஆறுவதற்குள் தேய்த்துக் காம்பு நீக்கி, மறுபடி எடை. ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்காய் என்பது எல்லாருக்கும் மனப்பாடமான கணக்கு. மழையில் நனைந்த காய் என்றால் குறையும், நன்றாக விளைந்த காய் என்றால் கொஞ்சம் கூடும். ஸ்டோர் மீது விவசாயிக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை அந்த இரண்டாவது எடைதான் முடிவு செய்கிறது.

உலர்ந்த காயைச் சிலர் அன்றே எடுத்துப் போவார்கள். சிலர் ஸ்டோரிலேயே இருப்பு வைத்து, அதன் மேல் முன்பணம் வாங்கிக்கொண்டு, புற்றடியிலோ போடியிலோ நடக்கும் ஏலத்தில் விலை நன்றாக வரும்போது விற்பார்கள். அதனால் ஸ்டோரில் மூன்று பேரேடுகள் இருந்தன: பச்சைக்காய் வரவு, உலர்காய் பட்டுவாடா, முன்பணம். 2018 ஆகஸ்டு மழையில் கணக்கு அறைச் சுவர் ஊறி, முன்பணப் பேரேட்டின் பல பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மை கரைந்துபோனது. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை ஆளாளுக்குக் கேட்டு மறுபடி எழுத வேண்டி வந்தது. கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்ற பேச்சு அப்போதுதான் நிர்வாகக் குழுவில் எழுந்தது.

2019 இறுதியில் பராமரிப்புப் பொறுப்பில் நான் சேர்ந்தேன். அதற்கு முந்தையதைத் தேவை ஆவணம், மென்பொருளை எழுதிய கட்டுமானக் குழுவின் குறிப்புகள், கணக்குப்பிள்ளையோடும் நிர்வாகக் குழுவினரோடும் பேசியது ஆகியவற்றிலிருந்து தொகுத்திருக்கிறேன். ஆட்களின் பெயரும் ஸ்டோரின் பெயரும் இதில் வராது.

## திட்டமிடல்: 2018 அக்டோபர் – டிசம்பர்

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொண்ட சிறு குழு வேலையை எடுத்தது. இரண்டு முறை ஸ்டோருக்கு வந்தார்கள், இரண்டும் முற்பகலில். அந்த நேரத்தில் ஸ்டோர் அமைதியாக இருக்கும். பேரேடுகளை விரித்து வைத்துக் கணக்குப்பிள்ளை விளக்கினார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்டு, குறித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சாக்குகள் வரிசையாக வந்து தராசடியில் கூட்டம் சேரும் நேரத்தை யாரும் பார்க்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பெரியவற்றை நான் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவற்றில் முக்கியமான இரண்டு இங்கேதான் வந்து நின்றன. பேரேட்டில் இருப்பது வேலையின் முடிவு மட்டுமே. வேலை எப்படி நடக்கிறது என்பது அதில் இருக்காது.

நல்ல முடிவுகளும் இந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டன. இணையத்தில் ஓடும் மென்பொருளாகச் செய்யலாம் என்பது முதல் யோசனை. மழைக்காலத்தில் நாள் கணக்கில் நெட் போய்விடும் ஊர் இது என்று கணக்குப்பிள்ளை சொன்னதைக் குழு ஏற்றது. ஸ்டோரிலுள்ள லேப்டாப்பிலேயே, தரவை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வைத்து ஓட்டுவது, நெட் இருக்கும்போது மட்டும் சுருக்கக் கணக்கை நிர்வாகக் குழுவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். நான்கு எடுப்புக் காலங்கள் கடந்த பிறகும் இந்தத் தீர்மானத்தை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

ஒப்பந்தம் படிப்படியாகப் போடப்பட்டது. தேவை ஆவணம் முடிந்தால் ஒரு தவணை, வடிவமைப்பு முடிந்தால் ஒரு தவணை, நிரல் எழுதியதும் ஒன்று, நிறுவியதும் கடைசி ஒன்று. அதன் பிறகு 'ஒரு வருடம் இலவசத் திருத்தம்' என்று ஒரே ஒரு வரி. யார் செய்வார், எத்தனை நாளுக்குள் செய்வார், வருடம் முடிந்தபின் என்ன என்பதெல்லாம் இல்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது என்று இறங்கும் இந்த முறை பழையது. 1970இல் மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் ஒரு கட்டுரையில் இந்தப் படிகளைப் படமாக வரைந்தார். சோதனை கடைசியில் வருவதால் அப்படியே செய்வது ஆபத்து என்று அதே கட்டுரையில் எழுதியவரும் அவர்தான். படம் பரவிய அளவுக்கு அந்த எச்சரிக்கை பரவவில்லை. சிறு ஊர்களில் போடப்படும் மென்பொருள் ஒப்பந்தங்கள் இன்றும் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கின்றன. பணம் கொடுக்கிறவருக்கு எப்போது எவ்வளவு என்று தெளிவாகத் தெரிவதுதான் காரணம். அந்தக் காரணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நிறுவியதோடு பணம் நின்றுவிடும் என்றால் கவனமும் அங்கேயே நின்றுவிடுகிறது.

## வடிவமைப்பும் நிரலாக்கமும்: 2019 ஜனவரி – ஏப்ரல்

எடையைக் கிலோவில் தசம எண்ணாக வைக்காமல், கிராமில் முழு எண்ணாக வைத்தார்கள். கம்ப்யூட்டர் தசம எண்களை இரும எண்களாக மாற்றி வைத்துக்கொள்ளும்போது 0.1 போன்ற எண்கள்கூடச் சரியாக அமையாமல் நுணுக்கமான மிச்சம் விழும். ஒரு வருடக் கணக்கைக் கூட்டும்போது அது வெளியே தெரியும். அந்தத் தொந்தரவு ஒரு நாளும் வராததற்கு இந்த முடிவுதான் காரணம்.

உறுப்பினர் பட்டியல் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் எடுத்தது. தமிழ்ப் பெயர்கள் ஒரு பழைய எழுத்துரு முறையிலும் மலையாளப் பெயர்கள் இன்னொன்றிலும் எக்செல் கோப்பில் கிடந்தன. இரண்டையும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒரே பெயருள்ளவர்களைத் தோட்டப் பெயரால் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ரசீது எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். குறைந்த விலை பில் பிரிண்டரில் தமிழ், மலையாள எழுத்து இல்லாததால் ரசீதைப் படமாக மாற்றி அச்சிட வேண்டியிருந்தது. கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். ஆனால் தன் மொழியில் தன் எடையைப் படிக்க முடிவது விவசாயிக்குப் பெரிய விஷயம், அதற்காகச் செலவழித்த நேரம் வீண் இல்லை.

இதே மாதங்களில்தான் மூன்று அனுமானங்கள் எங்கும் எழுதப்படாமல் நிரலுக்குள் போயின. உலர்த்தும் அறைக்குப் போகும் ஒவ்வொரு கட்டும் (ஒன்றாகப் பரப்பி உலர்த்தும் காய்) ஒரே விவசாயியின் காய் என்பது முதலாவது. தட்டோடு வைக்கும் சீட்டை பில் பிரிண்டரே அச்சிட்டால் போதும், பழைய தகர வில்லைகள் இனித் தேவையில்லை என்பது இரண்டாவது. விலைக் கட்டத்தில் (திரையில் விலையை அடிக்கும் இடம்) 3,000க்கு மேல் எண் வந்தால் அது தட்டச்சுப் பிழைதான் என்பது மூன்றாவது. அப்போது ஏலச் சராசரி கிலோ 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. இரண்டு மடங்கு இடம் விட்டால் போதும் என்று யாருக்கும் தோன்றக்கூடியதே.

## சோதனை: 2019 மே – ஜூன்

முந்தைய வருடப் பேரேட்டை அப்படியே உள்ளிட்டு, மென்பொருள் சொல்லும் கணக்கும் பேரேட்டின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். எல்லாம் ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் கணக்குப்பிள்ளை மனதுக்குள் பிரித்து, சரிக்கட்டி, சுத்தமாக்கி எழுதிய எண்கள்தான் அந்தப் பேரேட்டில் இருந்தன. மென்பொருள் செய்ய வேண்டிய வேலையில் கடினமான பகுதி ஏற்கெனவே முடிக்கப்பட்ட தரவோடு அது சோதிக்கப்பட்டது.

இந்தக் கட்டத்தில் எடுத்த முடிவுகளில் திட்டத்தைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. அதைச் சொன்னவர் கணக்குப்பிள்ளை. நிறுவியதும் கைக்கணக்கு நோட்டை மூடிவிடலாம் என்று கட்டுமானக் குழு சொன்னபோது, "ஒரு எடுப்பு முடியிற வரைக்கும் நோட்டும் ஓடட்டும் தம்பி. ரெண்டும் ஒண்ணாச் சொல்லுதான்னு பார்த்துட்டு மூடுவோம்" என்றார். கையால் எழுதும் ரசீதுப் புத்தகத்தையும் கார்பன் நகலோடு தொடர்ந்தார். இரட்டை வேலை என்று நிர்வாகக் குழுவில் முணுமுணுப்பு இருந்தது. தலைவர் கணக்குப்பிள்ளையின் பக்கம் நின்றார்.

## நிறுவலும் முதல் எடுப்பும்: 2019 ஜூலை

முதல் வாரத்திலேயே நோட்டும் கம்ப்யூட்டரும் வேறு வேறு சொல்லின. காரணம், கலப்புக் கட்டு. ஆறு கிலோ, பத்துக் கிலோ என்று கொண்டுவருகிறவர்களுக்குத் தனித் தட்டு ஒதுக்கினால் அறை நிறையாது, விறகும் வீண். அதனால் இரண்டு மூன்று பேரின் காயை ஒன்றாகப் பரப்பி, உலர்ந்த பிறகு பச்சை எடை விகிதத்தில் பிரித்துக் கொடுப்பார்கள். இந்த வழக்கம் பல வருடமாக இருக்கிறது. பேரேட்டில் இதற்கு ஒரு தடயமும் இல்லை.

நோட்டிலிருந்து ஒரு கட்டை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். மூன்று பேர் கொண்டுவந்தது 18 கிலோ, 11.5 கிலோ, 6.5 கிலோ, ஆக 36 கிலோ. உலர்ந்து இறங்கியது 7.35 கிலோ. விகிதப்படி 3.675, 2.348, 1.327 வரும். ஸ்டோரில் பட்டுவாடா 50 கிராம் கணக்கில்தான். அவசரமாக எழுதிச் சேர்த்த நிரல் ஒவ்வொன்றையும் பக்கத்திலுள்ள 50க்கு முழுமையாக்கியது: 3.70, 2.35, 1.35. கூட்டினால் 7.40. இல்லாத 50 கிராமை ஸ்டோர் கொடுக்க வேண்டும் என்று திரை சொன்னது. கணக்குப்பிள்ளை செய்தது வேறு. மூவருக்கும் கீழ்நோக்கி முழுமையாக்கி 3.65, 2.30, 1.30 என்று போட்டார். மிச்சம் 100 கிராம். அதை ஆறரைக் கிலோ கொண்டுவந்தவருக்குச் சேர்த்து 1.40 கொடுத்தார். "மிச்சம் சின்னவருக்கு. எங்க முதலாளி காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இந்த விதி எந்த ஆவணத்திலும் இல்லை, யாரும் கேட்காததால் யாரும் சொல்லவுமில்லை. கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் விற்கும்போது 100 கிராம் என்பது 300 ரூபாய்க்கு மேல். ஒரு நாள் கூலியைத் தொடும் தொகை அது. கட்டுமானக் குழு வந்து, இரவு பதினொன்று வரை தராசடியில் உட்கார்ந்து பார்த்து, கலப்புக் கட்டுக்கும் மிச்ச விதிக்கும் தனிப் பகுதி எழுதியது. முதல் எடுப்பு முடிவதற்குள் அது சரியாகிவிட்டது. திட்டமிடலில் ஒரு இரவு உட்கார்ந்திருந்தால் வடிவமைப்பிலேயே இது இடம் பிடித்திருக்கும். டேட்டாபேஸின் அடித்தளத்தையே மாற்றி எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

சீட்டு விஷயம் இன்னும் சீக்கிரம் வெளியே வந்தது. பில் பிரிண்டர்த் தாள் சூட்டில் கருப்பாகும் பூச்சுக் கொண்டது, அச்சாவதே அப்படித்தான். சூட்டுக்குழாயை ஒட்டிய தட்டுகளில் வைத்த சீட்டுகள் காலையில் முழுக்கக் கருத்துக் கிடந்தன. எது யாருடைய தட்டு என்று தெரியாமல், நோட்டில் தட்டு வரிசையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மூலையில் போட்டிருந்த தகர வில்லைகள் மறுநாளே திரும்பி வந்தன. வில்லை எண்ணை உள்ளிட ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. வேறு மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

## விலை வரம்பு: 2019 ஆகஸ்டு

2018 வெள்ளத்தில் செடிகள் அழிந்ததும், அடுத்து வந்த கோடை வறட்சியும் சேர்ந்து 2019இல் வரத்தைக் குறைத்தன. விலை ஏறியது. ஆகஸ்டு தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலச் சராசரியே 3,000த்தைத் தாண்டிவிட்டது.

முன்பணம் கொடுக்க, இருப்பு எடையை அன்றைய சராசரி விலையால் பெருக்கி, அதில் 60 சதவீதம் வரை அனுமதிப்பது ஸ்டோரின் வழக்கம். விலைக் கட்டத்தில் 3,600 என்று அடித்தால் மென்பொருள் ஏற்க மறுத்தது. கட்டுமானக் குழுவுக்குப் போன் போட்டார்கள். கடைசித் தவணை வாங்கியபின் குழுவில் இருவர் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்றாமவர் அடுத்த முறை வரும்போது சரிசெய்வதாகச் சொன்னார். வாசலில் முன்பணத்துக்காக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஆளுக்கொரு அவசரம்.

கணக்குப்பிள்ளை ஒரு வழி கண்டார். 42 கிலோவுக்கு 3,600 என்பதை 84 கிலோவுக்கு 1,800 என்று போட்டார். மதிப்பு இரண்டிலும் 1,51,200 ரூபாய்தான், முன்பணம் சரியாக வந்துவிடும். விவசாயிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் இருப்பு இரட்டிப்பானது. வெளியே உலர்த்திய காயையும் உறுப்பினர்கள் இருப்பு வைக்கலாம் என்பதால், இருப்பு எடை உலர்த்திய கட்டோடு பிணைக்கப்படாமல் கையால் அடிக்கும்படி இருந்தது. அதனால் மென்பொருள் எதிர்த்துக் கேட்கவில்லை. முதல் எடுப்பு முடிந்து இணையாக ஓடிய நோட்டும் அந்த மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. தவறைக் காட்டிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அதற்கு நியாயமும் இல்லை. நிற்கிற ஆளுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கருவி மறுக்கிறது, கருவியைச் செய்தவர்கள் கையில் கிடைக்கவில்லை. வேலை தெரிந்த எவரும் இதைத்தான் செய்வார்கள். கட்டம் மறுத்தபோது அடுத்து என்ன செய்வது என்று மென்பொருள் ஒரு வழி கொடுத்திருக்க வேண்டும்.

## இருப்புச் சரிபார்ப்பு: 2019 டிசம்பர்

ஆண்டு இறுதியில் கிடங்கில் மூட்டைகளை எண்ணி எடை போட்டபோது, திரையிலிருந்த இருப்பில் பெரும்பகுதி தரையில் இல்லை. திருட்டு என்ற பேச்சு ஒரே நாளில் பரவியது. காவலுக்கு இருந்த பையன் மேல் சந்தேகம் விழுந்தது. நிர்வாகக் குழு என்னை அழைத்தது இந்த நேரத்தில்தான்.

ஒவ்வொரு பதிவிலும் நேரமும் பயனர் பெயரும் இருந்தன. உறுப்பினர்வாரியாக, உலர்த்தி இறங்கிய எடையையும் இருப்பு வைத்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். வித்தியாசம் இருந்த பதிவுகள் எல்லாமே ஜூலைக் கடைசிக்குப் பிந்தியவை, விலை எல்லாமே ஏலச் சராசரியில் பாதி. கணக்குப்பிள்ளையிடம் கேட்டதும் நடந்ததை மறைக்காமல் சொன்னார். காவல் பையனை அலுவலக அறைக்கு அழைத்து, எல்லார் முன்னிலையிலும் தலைவர் அவனிடம் விளக்கிச் சொன்னார். இந்த ஆய்வில் என் மனதை அதிகம் பாதித்த இடம் அது. ஒரு கட்டத்தின் வரம்பு தப்பாக வைக்கப்பட்டதற்கு, அதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவன் நாலு நாள் தலைகுனிந்து நடந்திருக்கிறான்.

எப்படித் திருத்துவது என்பதில் இரண்டு கருத்துகள் இருந்தன. தவறான பதிவுகளை நேரடியாக மாற்றிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள் சிலர். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு தவறான பதிவுக்கும் அதை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு போட்டு, சரியான பதிவை அதன் கீழே எழுதி, காரணத்தையும் குறித்தோம். பழையது அழியாமல் இருந்தால்தான் பின்னால் எவர் கேட்டாலும் காட்ட முடியும். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் பழைய பதிவு, புதிய பதிவு இரண்டையும் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். எல்லாம் முடிந்தபோது எஞ்சிய வித்தியாசம் ஒரு சில கிலோ. உலர்காய் இருப்பில் ஈரம் இழந்து குறைவது வழக்கம் என்பதால் நிர்வாகக் குழு அதை ஏற்றது.

விலைக் கட்டத்தின் விதியும் மாற்றப்பட்டது. முந்தைய ஏல விலையிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகினால் மென்பொருள் எச்சரிக்கும், ஆனால் மறுக்காது. நிர்வாகக் குழுவில் ஒருவர் தன் ரகசிய எண்ணைப் போட்டு உறுதி செய்தால் ஏற்கும். இருப்பு எடையும் உலர்த்திய கட்டோடு பிணைக்கப்பட்டது. வெளிக்காய்க்குத் தனி வகை வைக்கப்பட்டது.

## எல்லை மூடிய வருடம்: 2020

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. புதிய லேப்டாப் வாங்கினார்கள். தராசை இணைக்கும் பழைய வகைக் கேபிளின் டிரைவர் புதிய விண்டோஸில் ஓடவில்லை. வேறு கேபிள் வாங்கியதும் சரியாயிற்று. நிரலில் ஒரு எழுத்தும் மாறாமலேயே, சுற்றியுள்ளது மாறியதால் வேலை நின்றது என்பதற்காக மட்டும் இதைப் பதிவு செய்கிறேன்.

மார்ச் 25 முதல் ஊரடங்கு. சோதனைச் சாவடிகள் மூடின, ஏலங்கள் நின்றன, ஜீப்புகள் ஓடவில்லை. அதன் பிறகு மாதக் கணக்கில் எல்லை தாண்ட இரண்டு மாநிலப் பாஸும் தேவைப்பட்டது. நான் இருப்பது கம்பத்தில், மென்பொருள் இருப்பது மலைமேல். தேவைப்பட்டால் ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்துவிடும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாமல் எல்லாரும் நம்பியிருந்த நான்காவது அனுமானம்.

ஜூலையில், எடுப்பு தொடங்கிய சில நாட்களில் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் போயிற்று. பென்டிரைவில் தினமும் பேக்கப் எடுக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பை நகலெடுத்திருக்கிறார்கள். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் எடுத்த நகல் பாதியாக இருக்கக்கூடும். கடைசிச் சில நகல்கள் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் புதியது ஒரு வாரத்துக்கு மேல் பழையது. எடுத்து வைத்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்க்கும் ஒத்திகை இதற்கு முன் ஒருமுறைகூட நடந்ததில்லை.

காலேஜ் மூடியதால் ஊரிலேயே இருந்த மாணவி ஒருவர், ஸ்டோர் உறுப்பினரின் மகள், உதவிக்கு வந்தார். போனில் நான் சொல்லச் சொல்ல, வேறொரு கம்ப்யூட்டரில் மென்பொருளை நிறுவி, திறந்த நகலை ஏற்றினார். விடுபட்ட நாட்களின் பதிவுகள் கணக்குப்பிள்ளையின் கார்பன் ரசீதுப் புத்தகத்திலிருந்து வந்தன. கருத்துப்போன சீட்டு அனுபவத்துக்குப் பிறகு அவர் அந்தப் புத்தகத்தை நிறுத்தவே இல்லை. இருவரும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஏற்றி முடித்தார்கள். எந்த விவசாயியின் எடையும் விட்டுப்போகவில்லை. நான் மலையேறத் தேவை இல்லாமலேயே வேலை முடிந்தது.

அடுத்த வாரமே பேக்கப் முறை மாற்றப்பட்டது. எஸ்க்யூலைட்டில் ஓடும்போதே பாதுகாப்பாக நகலெடுக்கத் தனி வழி உண்டு, அதற்கு மாறினோம். மாதம் ஒருமுறை அந்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அன்றைய மொத்த இருப்பு ஒத்துப்போகிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவது கட்டாயமாக்கப்பட்டது.

## பராமரிப்பு ஏடு: 2020 – 2022

என்ன கேட்டார்கள், எதனால், என்ன செய்தோம் என்பதை ஒரு ஏட்டில் எழுதி வந்தோம். 1976இல் ஆய்வாளர் பர்ட்டன் ஸ்வான்சன் பராமரிப்பை மூன்றாகப் பிரித்தார்: பிழை திருத்துவது, மாறும் சூழலுக்கு ஏற்பச் சரிசெய்வது, பயன்பாட்டை மேம்படுத்துவது. எங்கள் ஏட்டை அப்படிப் பிரித்துப் பார்த்தபோது பிழை திருத்தம் மிகச் சிறிய பங்குதான். பெரும்பகுதி புதிய தேவைகள்: எட்டு மில்லிமீட்டர் காயைத் தனியாகக் குறிக்க வேண்டும், கூட்டுக் குடும்பத்தில் தோட்டம் பிரிந்தால் பழைய இருப்பைப் பிரிக்க வேண்டும், இறந்தவரின் கணக்கை வாரிசுக்கு மாற்ற வேண்டும். இவை மென்பொருளின் குறைகள் அல்ல. பயன்படுகிறது என்பதால் வரும் கோரிக்கைகள். பராமரிப்பு என்றாலே செய்தவர் விட்ட பிழையைச் சரிசெய்வது, அதற்கு ஏன் பணம் என்று நிர்வாகக் குழுவில் கேட்டவர்களுக்கு நான் இந்த ஏட்டைத்தான் காட்டினேன்.

2021இல் ஒரு நிரந்தர ஏற்பாடு வந்தது. உலர்த்தும் கட்டணத்தில் கிலோவுக்குச் சில காசு ஒதுக்கி, மென்பொருளுக்கென்று தனிக் கணக்கு தொடங்கினார்கள். அந்தப் பணத்தில் மாணவி பகுதிநேரப் பராமரிப்பாளராகச் சேர்ந்தார். நிரலின் மூலப் பிரதி, கடவுச்சொற்கள், நிறுவும் வழிமுறை எல்லாம் ஸ்டோரின் பெட்டகத்தில் ஒரு பிரதி இருக்கிறது.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே போன்ற ஸ்டோருக்கோ பால் சங்கத்துக்கோ இப்போது தொடங்கினால், தேவை ஆவணத்துக்கு முன்பு வேலை உச்சத்தில் நடக்கும் நேரத்தில் குறைந்தது இரண்டு நாள் தராசடியில் உட்கார்ந்து பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வேன், அதற்குத் தனியாகப் பணமும் ஒதுக்கி. சோதனைக்குப் பேரேட்டுக்குப் பதில், அன்றன்றைய துண்டுச் சீட்டுகளைத் தரவாகக் கேட்பேன். அடித்தல் திருத்தலோடு இருப்பதுதான் உண்மையான உள்ளீடு. இணையாக நோட்டு ஓடுவது ஒரு எடுப்புக்குப் பதில் ஒரு முழுப் பருவம் இருக்க வேண்டும். ஆகஸ்டு இறுதியில் நோட்டை நிறுத்தாமல் இருந்திருந்தால் இருப்பு இரட்டிப்பானது அடுத்த வாரமே தெரிந்திருக்கும்.

அனுமானங்களுக்கென்று ஆவணத்தில் ஒரு தனிப் பக்கம் வேண்டும். 'ஒரு கட்டு ஒருவருடையது', 'விலை 3,000த்தைத் தாண்டாது' என்று இரண்டு வரி தமிழில் எழுதிக் கணக்குப்பிள்ளை முன் வைத்திருந்தால், முதல் வரியை அவர் அங்கேயே அடித்திருப்பார். இரண்டாவதை அடித்திருப்பாரா என்று சொல்ல முடியாது, அந்த ஜனவரியில் 7,000 ரூபாய் விலையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் வரம்பு ஒன்று இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசித் தவணை நிறுவியதும் கொடுக்கப்படக் கூடாது. முதல் பருவம் முடிந்து, இருப்புச் சரிபார்ப்பு நடந்து, பேக்கப்பைத் திருப்பி ஏற்றிக் காட்டிய பிறகுதான் கொடுக்க வேண்டும். பராமரிப்புக்கு முதல் நாளிலிருந்தே ஆளும் பணமும் வேண்டும், அந்த ஆள் எல்லையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இருந்தால் நல்லது.

ஒரு விஷயம் மட்டும் 2022 வரை முடிவாகவில்லை. மிச்சத்தைச் சின்னவருக்குக் கொடுக்கும் விதியைப் பெரிய தோட்டக்காரர்கள் சிலர் கேள்வி கேட்டார்கள். 10 கிராம் கணக்கில் பிரித்தால் மிச்சமே பெரிதாக வராதே என்பது அவர்கள் வாதம், கணக்குப்படி அது சரி. சின்ன விவசாயிகள் பழைய வழக்கமே இருக்கட்டும் என்கிறார்கள். இதை மென்பொருள் தீர்மானிக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். இரண்டு விதிகளுமே நிரலில் எழுதப்பட்டிருக்கின்றன, எது ஓட வேண்டும் என்று ஆண்டுப் பொதுக்குழு கையைத் தூக்கி முடிவு செய்யும்.